ருசி பார்ப்பது சாப்பாட்டில் சேராது

ஆகஸ்ட் 11, திங்கள்

டாக்டர் சபூரா ஒரு நோட்டு வாங்கச் சொன்னார். வாயில் போடுவதையெல்லாம் அதில் எழுத வேண்டுமாம். மத்தியானம் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து விரலைக் குத்தி, மெஷினில் வரும் எண்ணையும் எழுத வேண்டுமாம். நான் இரண்டு நோட்டு வாங்கினேன். ஒன்று டாக்டருக்குக் காட்ட, இன்னொன்று உண்மையை எழுத. இது உண்மை நோட்டு. எட்டாம் வகுப்பில் என்னை ஃபெயில் போட்ட வாத்தியார் இருந்தால், குற்றாலிங்கம் ஐம்பத்தேழு வயதில் இரண்டு நோட்டுப் போட்டு எழுதுகிறான் என்று சந்தோஷப்பட்டிருப்பார்.

விஷயம் இதுதான். வலது கால் சுண்டுவிரலில் ஒரு புண். வெறும் செருப்புக் கடி. இரண்டு மாதமாக ஆறவில்லை. இன்று சாப்பாட்டுக்குப் பின் சுகர் 312.

"அண்ணாச்சி, ஒரு மாசம் டைம் தாரேன்" என்றார் டாக்டர். "சாப்பாட்டுக்கு அப்புறம் சுகர் நூத்தியெண்பதுக்குக் கீழ வரணும். வரலைன்னா அந்த விரல எடுக்கணும். அப்பவும் அடங்கலைன்னா, விரலோட நிக்காது. இந்த மாத்திரை காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. ஒரு வேளை தவறக்கூடாது."

நான் கல்யாணச் சமையல்காரன். எங்கள் பாளையங்கோட்டையில் தவசிப்பிள்ளை என்பார்கள். ஒரு முகூர்த்தத்துக்குப் பதினாலு மணி நேரம் அடுப்படியில் நிற்க வேண்டும். கால் போனால் நான் என்ன, உட்கார்ந்துகொண்டு அவியல் கிண்டவா?

காலை: இட்லி ஐந்து. டாக்டர் நோட்டில் மூன்று.

ஆகஸ்ட் 13, புதன்

ஆடி மாதம், கல்யாணம் கிடையாது, வேலை இல்லை. வேலை இல்லாதவன் காலையில் நடக்கப் போகலாம் என்று என் மனைவி ஆவுடை துரத்திவிட்டாள். மைதானத்து வாசலில் அருளப்பன் என்று ஒரு ஓய்வுபெற்ற கண்டக்டர் மூலிகைச் சாறு விற்கிறார். சிறுகுறிஞ்சான், நாவல் கொட்டை, ஆவாரம்பூ, மருதம்பட்டை எல்லாம் போட்டுக் காய்ச்சி வடித்த சாறு. உணவுக்கு முன் முப்பது மில்லி.

"சாப்பிட்டதும் குபீர்னு ஏறும்லா சுகரு, அத மெதுவா ஏற வைக்கும் அண்ணாச்சி" என்றார். "ஆனா மாத்திரைய நிறுத்திராதீய. இது கூட நின்னு ஒரு கை குடுக்கும், அவ்வளவுதான்."

முதல் பாதி நன்றாகக் கேட்டது. இரண்டாவது பாதி சொல்லும்போது பஸ் ஒன்று ஹாரன் அடித்தது. அடித்ததாக வைத்துக்கொள்வோம்.

இரண்டு பாட்டில் வாங்கினேன். குடித்ததும் முகம் அஷ்டகோணலாகிவிட்டது. இவ்வளவு கசக்கிறதே, வேலை செய்யாமலா இருக்கும்?

ஆகஸ்ட் 15, வெள்ளி

சுதந்திர தினம். மாத்திரையிடமிருந்து எனக்கும் இன்று விடுதலை. இரண்டையும் சேர்த்துக் குடித்தால் எது குணப்படுத்தியது என்று எப்படித் தெரியும்? ஒரு குழம்பில் இரண்டு சமையல்காரன் கை வைத்தால் விளங்குமா? ஆவுடையிடம் சொன்னேன். சண்டைக்கு வருவாள் என்று பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "சரி. சாற மட்டும் ஒழுங்காக் குடிங்க. நீங்க அளவு தெரியாம மடக்கு மடக்குனு ஊத்திக்கிடுவீய. காலையும் ராத்திரியும் நானே டம்ளர்ல ஊத்தித் தாரேன்" என்றாள்.

இருபத்தெட்டு வருடத்தில் இவள் என்னோடு இவ்வளவு சீக்கிரம் ஒத்துப்போனது இதுதான் முதல் தடவை. மூலிகைக்கு அந்தச் சக்தியும் உண்டு போலிருக்கிறது.

சுகர் 280.

ஆகஸ்ட் 18, திங்கள்

241! இறங்குகிறது.

காலையில் அடுப்படியில் சின்ன உரலில் எதையோ இடிக்கிற சத்தம். மிளகு என்றாள். ரசம் வைக்கவில்லையே என்று கேட்டேன். நாளைக்கு என்றாள். சாறு குடித்த டம்ளரின் அடியில் வெள்ளையாகக் கொஞ்சம் மாவு தங்கியிருந்தது. நாவல் கொட்டைப் பொடி அப்படித்தான் தங்கும் என்று நானே விளக்கம் சொன்னேன். அவளும் தலையாட்டினாள். தொழில்காரன் சொன்னால் கேட்டுக்கொள்வாள்.

காபி மட்டும் சப்பென்று இருக்கிறது. சர்க்கரையைச் சுத்தமாக நிறுத்திவிட்டாள்.

ஆகஸ்ட் 20, புதன்

ஆவணி பிறந்து முதல் கல்யாணம். நானூறு இலை. இன்று நான் ஒன்றுமே சாப்பிடவில்லை. டாக்டர் நோட்டிலும் அப்படியே எழுதினேன்.

உண்மை நோட்டு என்பதால் ஒரு விளக்கம். எங்கள் அடுப்படியில் ஒரு சட்டம் உண்டு. ருசி பார்க்கிற கை ஒன்றுதான். அது தலைவன் கை. பத்துப் பேர் வேலை செய்தாலும் வேறு ஒருவன் கரண்டியை நாக்கில் வைக்கக் கூடாது. ஆளாளுக்கு ஒரு உப்பு சொன்னால் சாம்பார் சந்தி சிரித்துவிடும். ஆகவே இன்று நான் உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தது: சாம்பார், ரசம், அவியல், பச்சடி, கேசரி இரண்டு தடவை, பாயசம் நான்கு தடவை, பூந்தி ஒரு பிடி. ருசி பார்ப்பது தொழில். அது சாப்பாட்டில் சேராது. டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்பதைப் பாட்டுக் கேட்பதில் சேர்ப்பாரா?

அப்பளம் பொரிக்கையில் கொதிக்கிற எண்ணெய் வலது பாதத்தில் தெறித்தது. சுள்ளென்று கூட இல்லை. என் உதவியாளன் சொரிமுத்துதான் "ஐயோ அண்ணாச்சி, கொப்புளிச்சிருச்சே!" என்று குதித்தான். சாறு நரம்பையெல்லாம் முறுக்கேற்றி வைத்திருக்கிறது என்று அவனிடம் சொன்னேன்.

சுகர் 229. கேசரி இரண்டு தடவை பார்த்ததற்கு இது மோசமில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

198.

மாத்திரை அட்டையை அலமாரியில் தேடினேன், அருளப்பனிடம் காட்டி "பாரும்வே, தொடவே இல்லை" என்று சொல்ல. இரண்டு அட்டையில் ஒன்றைக் காணோம். ஆவுடையைக் கேட்டால் "எலி இழுத்துட்டுப் போயிருக்கும்" என்றாள். எங்கள் வீட்டு எலிக்கும் சுகர் போல.

ஆகஸ்ட் 28, வியாழன்

நூற்று எழுபத்திரண்டு. எழுத்தால் எழுதுகிறேன், எண்ணில் எழுதினால் அழிந்துவிடும் என்று பயம்.

மண்டபத்தில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். ஐயர், நாதஸ்வரக்காரர், வாழை மரம் கட்ட வந்தவர். ஏழு பேர் பாட்டில் கேட்டிருக்கிறார்கள். சொரிமுத்துவையும் குடிக்கச் சொன்னேன். "எனக்குச் சுகரே இல்லையே அண்ணாச்சி" என்றான். வருமுன் காக்க வேண்டாமா, கூறுகெட்டவன்.

புண்? அது இருக்கிறது. ஆவுடை தினமும் கழுவிக் கட்டுகிறாள். நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. எண் இறங்கினால் புண் தானாக அடங்கும்.

செப்டம்பர் 1, திங்கள்

சென்னைக்கு ரயில். அம்பத்தூரில் நம் ஊர்க்காரர் பால்வண்ணம் மகளுக்குக் கல்யாணம். எழுநூறு இலை, மறுநாள் மறுவீட்டுக்குச் சொதிச் சாப்பாடு. தேங்காய்ப்பால் சொதிக்குத் திருநெல்வேலிக் கைதான் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார். பெருமையில்லாமல் சொல்கிறேன், அந்தச் சொதியை என்னைப் போல வைக்க இந்த ஜில்லாவில் ஆள் இல்லை.

ஆவுடை திடீரென்று நானும் வருகிறேன் என்றாள். "ஏளா, அடுப்பு வேலைக்கு எவனாவது பெண்டாட்டியக் கூட்டிட்டுப் போவானா?" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. பத்துப் பொட்டலம் மடித்துக் கொடுத்தாள். சூரணமாம். அருளப்பன் கொடுத்தாராம். "காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாத்துல கலந்து குடிங்க. மறந்துராதீய. மறக்க மாட்டேன்னு சொல்லுங்க" என்று ஸ்டேஷனில் கையைப் பிடித்துக்கொண்டாள். நாலு பேர் பார்க்கிற இடத்தில் கையைப் பிடிக்கிறாளே என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. உதறிவிட்டு ஏறினேன்.

வண்டி கிளம்பியதும் ஒரு பொட்டலத்தைப் பிரித்தேன். காற்றில் அத்தனையும் பறந்து எதிர் சீட்டுக்காரர் வேட்டியில் விழுந்தது. அவர் பார்த்த பார்வைக்கு மீதியைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டேன். சாறு இருக்கும்போது சூரணம் எதற்கு? இது அருளப்பனின் வியாபாரத் தந்திரம்.

செப்டம்பர் 3, புதன்

நிச்சயதார்த்தத்துக்கு இருநூறு பேர். சுகர் 267. பிரயாணச் சூடு.

சமையல்கட்டில் எங்கோ எலி செத்துக் கிடக்கிறது. நான் போகிற இடமெல்லாம் நாற்றம். மண்டபத்துக்காரனைக் கூப்பிட்டுக் கத்தினேன். அரிசி மூட்டையையெல்லாம் நகர்த்திப் பார்த்தார்கள். கிடைக்கவில்லை.

ஆவுடை போன் செய்தாள். பொட்டலம் போட்டீயளா என்றாள். போட்டேன் என்றேன். பொய்க்கு நோட்டு மட்டும் போதவில்லை, போனும் வேண்டியிருக்கிறது.

செப்டம்பர் 4, வியாழன்

இதை எழுதவே கூடாது என்று நினைத்தேன். ஆனால் உண்மை நோட்டு என்று அட்டையில் எழுதித் தொலைத்திருக்கிறேன்.

ஊரில் ஆவுடை சாறு ஊற்றித் தருவாள், குடித்துவிட்டுக் கிளம்புவேன், ருசி பார்க்க நாலைந்து மணி நேரம் ஆகிவிடும். இங்கே என் யோசனை வேறு. முகூர்த்த நாளில் எனக்குச் சாப்பாடு என்பதே ருசி பார்ப்பதுதானே? உணவுக்கு முன் என்றால் ருசி பார்க்கும் முன் என்றுதானே அர்த்தம்? இரண்டு பங்காக அறுபது மில்லியை வாயில் ஊற்றி, நாக்கில் நன்றாக ஊற வைத்து விழுங்கிவிட்டு, பாசிப்பருப்புப் பாயசத்துக்குப் போனேன்.

உள்ளங்கையில் விட்டு நக்கினேன். இனிப்பே இல்லை. "ஏல, இருபது கிலோ வெல்லத்துல பாதிய எவன் தின்னான்?" என்று கேட்டேன். இன்னும் ஐந்து கிலோ போடச் சொன்னேன். பார்த்தேன். சப்பென்று இருந்தது. இன்னும் நாலு.

சொரிமுத்து கையைப் பிசைந்தான். "அண்ணாச்சி, நெறமே கறுத்துப்போச்சு. போதும்னு தோணுது."

"ருசி பாத்தது நீயா நானா?"

வெல்லம் எடுக்கப் போனான். சட்டம் போட்டவன் நான்தானே. இன்னும் மூன்று கிலோ.

முதல் பந்தி எழுந்ததும் பால்வண்ணம் சமையல்கட்டுக்கே வந்துவிட்டார். "அண்ணாச்சி, பாயசம் இலையில ஓட மாட்டேங்குது. வெட்டித்தான் தின்னணும் போலிருக்கு. சின்னப்பிள்ளைய கூட ஒரு வாய்க்கு மேல வேண்டாங்குது. சம்பந்திக்காரங்க என்னயப் பாக்குறாங்க."

எனக்கு வந்ததே கோபம். நாக்கை வைத்து முப்பது வருடம் பிழைத்தவனிடமா ருசி பேசுகிறார்? அவர் கண்முன்னே ஒரு வெல்லக்கட்டியை எடுத்து வாயில் போட்டேன், இதுதான் இனிப்பு என்று காட்ட. மண்ணைத் தின்ற மாதிரி இருந்தது. இன்னொரு கட்டி போட்டேன். அதுவும் மண். பக்கவாதமோ, நாக்கு செத்துவிட்டதோ என்று முக்காலியில் உட்கார்ந்தேன்.

சொரிமுத்துதான் பாட்டிலை எடுத்துப் படித்தான். "சிறுகுறிஞ்சானா? அண்ணாச்சி, இந்த எலையத் தின்னா கொஞ்ச நேரத்துக்கு இனிப்பே தெரியாதுல்லா! ஆடு மேய்க்கப் போனப்ப இதத் தின்னுட்டுச் சீனியத் தின்னு வெளாடுவோம்."

நாக்குக்கு மயக்க மருந்து கொடுத்துவிட்டு அதன் பேச்சைக் கேட்டு எழுநூறு பேருக்குப் பாயசம் வைத்திருக்கிறேன். ஒரு மணி நேரத்தில் நாக்கு திரும்பி வந்தது. பாயசத்தை ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். தொண்டை வரை திகட்டியது. பாலை ஊற்றி இளக்கி அடுத்த பந்தியை ஒப்பேற்றினோம். பால்வண்ணத்தின் காலில் விழாத குறை.

சுகர் 346. அந்த இரண்டு கட்டி வெல்லமும் ருசி பார்த்ததுதான்.

செப்டம்பர் 5, வெள்ளி

சொதி நன்றாக வந்தது. மூன்று பேர் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். பால்வண்ணம் கூடச் சிரித்தார்.

சுகர் 418. மெஷின் பழுது. எலி இன்னும் கிடைக்கவில்லை.

அதே நாள், சாயங்காலம்

எலி கிடைத்துவிட்டது. என் வலது சாக்ஸுக்குள் இருந்தது.

செப்டம்பர் 7, ஞாயிறு

ஆஸ்பத்திரி. ரயிலில் என் பக்கத்து சீட்டுக்காரர்கள் வேறு பெட்டிக்குப் போய்விட்டார்கள். சொரிமுத்து மட்டும் கூடவே உட்கார்ந்து வந்தான், மூக்கைக் கூடப் பொத்தாமல். அவனைக் கூறுகெட்டவன் என்று எழுதியதை அடித்துவிட வேண்டும்.

செப்டம்பர் 8, திங்கள்

டாக்டர் சபூரா விரலைப் பார்த்தார். பிறகு டாக்டர் நோட்டை வாங்கிப் பார்த்தார்.

"சாப்பாட்டுக் கதைய அப்புறம் பேசுவோம். ஆனா இந்த நம்பர் நல்லாத்தான் எறங்கியிருக்கு. நூத்தி எழுபத்திரண்டு வரைக்கும் வந்திருக்கு. திடீர்னு அஞ்சு நாள்ல எப்படி ஏறுச்சு? மாத்திரைய விட்டீங்களா?"

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? "மாத்திரைய ஆகஸ்ட் பதினஞ்சே நிறுத்திட்டேன் டாக்டரம்மா. எறக்குனது சாறு" என்றேன். கால் அழுகிக் கிடக்கையிலும் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

ஆவுடை சுவரோரம் நின்றிருந்தாள். "சாறு இல்ல டாக்டரம்மா" என்றாள்.

மாத்திரையை உரலில் இடித்து, சாற்றில் கலந்து, காலையும் இரவும் அவளே கொடுத்திருக்கிறாள். அந்தப் பத்துப் பொட்டலமும் அதுதான். எதிர் சீட்டுக்காரர் வேட்டியில் பறந்ததும் அதுதான்.

டாக்டர் அவளையும் விடவில்லை. "சொல்லாம மருந்து குடுக்குறது தப்பும்மா. அவர் வேற எங்கயாவது டாக்டரப் பாத்து, அவரும் மாத்திரை குடுத்திருந்தா சுகர் ஒரேயடியா எறங்கியிருக்கும். எங்கிட்டயாவது வந்து சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா சாறயும் குடிக்க மாட்டாக" என்றாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அன்று ஸ்டேஷனில் அவள் கையை உதறிவிட்டு ஏறினேனே. நினைத்தால் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

நாளை மறுநாள் விரலை எடுக்கிறார்கள். பாதம் தப்புமா என்பது அதற்குப் பிறகுதான் தெரியும்.

செப்டம்பர் 10, புதன்

எடுத்தாயிற்று.

செப்டம்பர் 13, சனி

பாதம் தப்பியது. டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்து "ரத்த ஓட்டம் நல்லாருக்கு" என்றார். நான் சின்னப்பிள்ளை மாதிரி அழுதுவிட்டேன். ஒன்பது விரல் போதும், நிற்கலாம். சாற்றைப் பற்றியும் கேட்டேன். மாத்திரையோடு சேர்த்துக் குடிப்பதென்றால் தன்னிடம் சொல்லிவிட்டு, தான் சொல்லும் அளவில் குடிக்கச் சொன்னார். அருளப்பன் அன்றைக்கு மைதான வாசலில் சொன்னதும் இதுதான். பஸ் ஹாரன் எதுவும் அடிக்கவில்லை.

மத்தியானம் ஆவுடை சாத்துக்குடி உரிக்காமல் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். நான் கேட்டேன். எனக்குள் கிடந்து அரித்தது அதுதான்.

"ஏளா, பதினேழு நாளு கலந்திருக்க. ஒரு கல் உப்பு கூடுனாக் கண்டுபிடிக்கிற நாக்கு இது. எந்தத் தைரியத்துல கலந்த?"

"மொத நாள் பயந்துக்கிட்டேதான் குடுத்தேன்" என்றாள். "கண்டுபிடிச்சு டம்ளர மூஞ்சில வீசுவீயன்னு கதவுகிட்டயே நின்னேன். நீங்க மடக்குன்னு குடிச்சிட்டுப் போயிட்டீய. அப்பறந்தான் எனக்கே உறைச்சுது. ஊருக்கெல்லாம் உள்ளங்கைல விட்டு விட்டு ருசி பாக்கீய. இருபத்தெட்டு வருசமா நான் வச்சத ஒரு நாளாவது ருசி பாத்து முழுங்கியிருக்கீயளா? இவுக நாக்கு வீட்டுக்குள்ள வேல செய்யாதுன்னு தெரிஞ்சுபோச்சு. அந்தத் தைரியந்தான்."

சண்டையாகச் சொல்லவில்லை. சும்மா சொல்வது மாதிரிதான் சொன்னாள். அவள் வைத்த குழம்பு ஒன்றையாவது நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். எழுநூறு இலைக்கு வைத்த சொதியெல்லாம் நினைவிருக்கிறது. இவள் குழம்பு ஒன்று கூட வரவில்லை.

செப்டம்பர் 17, புதன்

வீடு. இரண்டு நோட்டையும் டாக்டரிடம் கொடுத்துவிட்டேன். எலி வரைக்கும் சிரித்துக்கொண்டே படித்தாராம். இனி ஒரே நோட்டு போதும் என்று சொல்லி, இதைத் திருப்பிக் கொடுத்தார்.

காலை: மாத்திரை ஒன்று, முழுசாக, தண்ணீரில். இட்லி மூன்று. மூன்றேதான்.

மத்தியானம்: சோறு ஒரு கரண்டி, முருங்கைக்கீரைப் பொரியல், மோர். கீரையை முதலில் உள்ளங்கையில் கொஞ்சம் வைத்து வாயில் போட்டேன். ஆவுடை, என்ன குறை சொல்லப் போகிறேனோ என்று அடுப்படி வாசலிலேயே நின்றாள். மென்றேன். உப்பு சரி. தேங்காய் அளவு. முடிவில் லேசாக ஒரு வாசம், என்னவென்று பிடிபடவில்லை. இன்னொரு வாய் வைத்தேன். அப்போதும் பிடிபடவில்லை.

"இதுல என்ன போட்டிருக்க?"

"அரிசியும் வத்தலும் வறுத்துப் பொடிச்சுக் கடைசில தூவியிருக்கேன்."

"நல்லா இருக்கே. புதுசா கத்துக்கிட்டியா?"

"கல்யாணமாயி வந்த மறுநாள்லருந்து இப்படித்தான் வைக்கேன்" என்றாள்.

இரண்டு மணி நேரம் கழித்து, 166.